கிளிஃபோர்ட் கேட்காத ஆடுகள்

அந்தச் செவ்வாய்க்கிழமை கிளிஃபோர்ட் ஆல்டர்சனின் டிரெய்லரிலிருந்து முதலில் இறங்கியவை நல்ல குட்டிகள். மலைப் பண்ணையில் பிறந்து, கொழுக்க வைப்பதற்காகக் கீழே விற்கப்பட்டவை. வழி தெரியாமல் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இறங்கி, ஈரப் புல்லைக் கண்டதும் திகைத்து நின்றன. அவற்றுக்குப் பின்னால் எட்டு கிழட்டுப் பெட்டைகள் வந்தன. ஒன்றுக்கு முன்பல் இல்லை. இன்னொன்று முன்காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் இறங்கியது.

அவர் மனைவி பெரில் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சதுக்கத்துப் பேக்கரியில் வேலை முடிந்து நேராக வயலுக்கு வந்திருந்தாள். கோட்டுக்குக் கீழே மாவு படிந்த ஏப்ரன் தொங்கியது.

"இதுங்க யாரோடது?"

"நம்மளோடது."

"நீயா வாங்குன?"

"பின்ன, தானா ஏறி உக்காந்துச்சா?"

"பல்லுகூட இல்ல, கிளிஃப்."

"பல்லு இல்லாட்டி என்ன. நல்ல புல்லு போட்டா..." அவர் அதை முடிக்கவில்லை. டிரெய்லரின் சாய்வுக் கதவைத் தூக்கி மூடினார். தாழ்ப்பாள் துளைக்குள் போகாமல் நழுவியது. மறுபடி குத்தினார்.

"மலிவா வந்துச்சு, வாங்குனேன்," என்றார் கதவைப் பார்த்தபடி. பிறகு திரும்பி, கோபம் வந்தவராக, "அதை விடு. லெஸ் இன்னிக்கு ஏலத்துல என்ன பண்ணான் தெரியுமா? நான் கேட்ட ஒவ்வொண்ணுக்கும் என் விலைக்கு மேல ஏறிக் கேட்டான். அவனுக்கு எதுக்கு ஆடு? அவன்கிட்ட புல்லே கிடையாது. வேணும்னே ஏறுறான்."

"லெஸ்ஸா?"

"லெஸ் மட்டுமில்ல. கசாப்புக்கடை டென்னிஸும். எல்லாருமா சேர்ந்து என்னை அந்த ஏலக் கம்பிய விட்டுக் கிளப்பப் பாக்குறானுங்க. சரி பாக்கலாம்னு நானும் விடல."

பேசும்போது அவருடைய தலை லேசாக மேலும் கீழும் ஆடியது. பேச்சு நின்ற பிறகும் ஆடிக்கொண்டிருந்தது. யாரோ கேட்கும் கேள்விக்கெல்லாம் ஆமாம், ஆமாம் என்று சொல்வதுபோல. பெரில் அதைப் பார்த்துவிட்டு ஆடுகள் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

புதிதாக வாங்கிவந்த ஆடு உடனே மேயாது. கல்சுவரை ஒட்டியே நடக்கும். மூலைவரை போகும், திரும்பும், மறுபடி நடக்கும். எங்காவது ஒரு கல் சரிந்திருக்காதா என்று பார்க்கும். அன்று பொழுது சாயும்வரை அவை நடந்தன. மேற்கிலிருந்து காற்று. வீட்டுக்குள் இருவரும் சாஸேஜும் மசித்த உருளைக்கிழங்கும் வெங்காயக் குழம்பும் சாப்பிட்டபோதும் ஆடுகளின் சத்தம் கேட்டது. கிளிஃபோர்ட் சாப்பிடுவதை நிறுத்தி நிறுத்தி எதையோ முணுமுணுத்தார். பெரில் காது கொடுத்தாள். பள்ளத்தாக்கில் கீழிருந்து மேலாக ஒவ்வொரு பண்ணையின் பெயராகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு பெயரில் தடங்கி, ஃபோர்க்கைக் கீழே வைத்து, கண்ணை மூடி யோசித்து, அது கிடைத்ததும் மேலே போனார்.

"என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல. குழம்புல உப்பு கம்மி."

*

எங்கள் ஊர் ஹாத்தர்பியில் ஆட்டு ஏலம் செவ்வாய்க்கிழமை. மற்ற நாட்களில் ஊருக்கு வருகிறவர்கள் சதுக்கத்துக் கல் சிலுவையைப் படம் எடுத்துக்கொண்டு, பழைய வங்கி இருந்த இடத்தில் காப்பி குடித்துவிட்டு, அழகான ஊர் என்று சொல்லிவிட்டுப் போவார்கள். செவ்வாயன்று அவர்களுக்குக் காரை நிறுத்த இடம் கிடைக்காது. காலையிலிருந்தே டிரெய்லர்கள் வரிசை கட்டும். தெரு முழுக்க ஈரக் கம்பளி நாற்றம். புதிதாகக் குடிவந்த ஒருவர் அந்த நாற்றத்தைப் பற்றி ஊர் மன்றத்துக்கு எழுதினார். மன்றத்தில் பாதிப்பேர் ஆடு வளர்ப்பவர்கள்.

ஏல வளையத்தில் விலையை யாரும் கத்திக் கேட்பதில்லை. ஆளுக்கு ஒரு அடையாளம் உண்டு, ஏலக்காரனுக்கு அது தெரியும். லெஸ் மெட்காஃப் வளையத்தைச் சுற்றிய கம்பிமேல் வைத்த கையில் ஒரு விரலைத் தூக்குவார். டென்னிஸ் கண்ணை இறுக்குவான். கிளிஃபோர்டின் அடையாளம் தாடை. அரை அங்குலம் இறக்குவார், அவ்வளவுதான். பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடத் தெரியாது. தன் வயலுக்கு மட்டுமல்ல, ஏலத்துக்கு வரமுடியாத பண்ணைக்காரர்கள் பலருக்கும் அவர்தான் வாங்கிக் கொடுப்பார். அவர் தாடை இறங்கினால் அது வாக்கு. சுத்தியல் விழுந்த பிறகு 'நான் கேக்கல' என்று சொன்னவன் அந்தக் கம்பிக்குத் திரும்பி வந்ததில்லை. யாரும் விரட்டமாட்டார்கள். அவனுக்கே நிற்க முடியாது.

மறுநாள் புதன்கிழமை, பேக்கரிக்கு அரை நாள்தான். காலையில் வரிசை கதவுவரை நின்றது. பெரில் ரொட்டியை வெட்டி, பொட்டலம் கட்டி, பன்களை எண்ணிப் பையில் போட்டாள்.

"கிளிஃப் எப்படி இருக்காரு, பெரில்?" என்றாள் தபாலாபீஸ்காரி.

"பரவாயில்ல."

"ம். சரி. பரவாயில்லன்னா சரி."

எங்கள் ஊரில் ஜலதோஷத்துக்கும் பரவாயில்லைதான், சவப்பெட்டிக்கு அளவெடுக்க ஆள் வந்தாலும் பரவாயில்லைதான். அதற்குமேல் கேட்பது மரியாதை இல்லை. அடுத்து நின்றவள் மழையைப் பற்றிப் பேசினாள். ஆனால் அவர்கள் எல்லோரும் தன் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்ப்பதைப் பெரில் கவனித்தாள். ஒரு வாரமா, ஒரு மாதமா இப்படிப் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு நினைவில்லை.

பதினோரு மணி வாக்கில் ஏலக்காரன் ஸ்டீவன் ஹார்கர் வந்தான். அவன் அப்பாவும் ஏலக்காரர்தான். சின்னப் பையனாக இருந்தபோது ஏலம் முடியும்வரை இந்தக் கடையில் வந்து உட்கார்ந்திருப்பான்.

"ஒரு பன்றிக்கறி பேஸ்ட்ரி, மிஸஸ் ஆல்டர்சன்."

"உள்ள வா, சூடா தர்றேன்," என்று அவனை அடுப்புப் பக்கம் கூட்டிப் போனாள். அங்கே தட்டுகள் ஆறிக்கொண்டிருந்தன. "அந்த எட்டு கிழட்டையும் கிளிஃப் தலையில ஏன்டா கட்டுன?"

ஸ்டீவன் தொப்பியைக் கழற்றினான். "தலையாட்டினாரு."

"அவரு ஆட்டலன்னு உனக்குத் தெரியாதா?"

"பாதி நேரம் தெரியல. எல்லாத்துக்கும் ஆட்டுறாரு, மிஸஸ் ஆல்டர்சன். வளையத்துல மரத்தூள் போட ஆளு உள்ள வந்தான்னா அவனுக்கும் ஆட்டுறாரு. அன்னிக்கு அவனையே சுத்தியல் தட்டி வித்துருப்பேன்."

பெரிலுக்குச் சிரிப்பு வரப்பார்த்தது. அடுப்புத் துணியை எடுத்து, துடைக்க ஒன்றுமில்லாத மேசையைத் துடைத்தாள்.

"அவர் பக்கம் பாக்காம இரு."

"இருந்து பாத்தேன். போன மாசம். அன்னிக்குன்னு பாத்து நெசமாவே கேட்டிருக்காரு. சாயங்காலம் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னாரு. கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் என்னால முடியல. அங்க நிக்கிற ஒருத்தரப் பாக்காம விடறதுன்னா, அவரு செத்துப்போயிட்டாருன்னு சொல்ற மாதிரி."

"வாயத் தொறந்து சொல்லிருக்கலாம்ல?"

"நானா? எங்கப்பா சுத்தியல் புடிக்கறதுக்கு முன்னாலயே அங்க நின்னவரு. நீங்க சொல்லிட்டீங்களா?"

பெரில் பேஸ்ட்ரியைக் காகிதத்தில் சுற்றினாள். சுற்றியதைப் பிரித்து மறுபடி சுற்றினாள்.

"மத்தவங்க கொஞ்சம் பாத்துக்கறாங்க," என்றான் ஸ்டீவன் தயங்கி. "லெஸ்கிட்ட கேளுங்க."

*

கடையைப் பூட்டியதும் அவள் வீட்டுக்குப் போகவில்லை. ஆற்றுப் பாலத்தைத் தாண்டி லெஸ்ஸின் வயலுக்கு நடந்தாள். காற்று பின்னாலிருந்து தள்ளியது. லெஸ் மெட்காஃபுக்கு மனைவி இல்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வீடும் கையகல மேய்ச்சலும் உண்டு. அந்த மேய்ச்சலில் அவர் எப்போதும் இருபது ஆட்டுக்கு மேல் வைத்துக்கொண்டதில்லை.

அன்று அங்கே நிற்க இடமில்லாமல் ஆடுகள் நின்றன. கறுப்பு முகம், வெள்ளை முகம், கொம்பு வைத்தது, வைக்காதது. இரண்டு கிடாய்கள் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டிருந்தன. புல் தரையோடு தரையாக மழிந்திருந்தது. லெஸ் ஒரு வைக்கோல் கட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு நடுவில் மாட்டியிருந்தார்.

"என்ன லெஸ், மிருகக்காட்சிசாலை ஆரம்பிச்சிட்டியா?"

"டிக்கெட் போடலாம்னு பாக்குறேன்," என்றார் அவர். கட்டை உதறிவிட்டு, ஆடுகளை முழங்காலால் தள்ளிக்கொண்டு சுவரோரம் வந்தார்.

"எங்க வீட்டுல உம்பேரைச் சொன்னாலே கிளிஃப் எரிஞ்சு விழறாரு. அவரு விலைக்கு மேல ஏறி ஏறிக் கேக்குறியாமே."

"கேக்குறேன்."

"எதுக்கு?"

லெஸ் பின்னால் திரும்பி வயலைப் பார்த்தார். "அந்தக் கறுப்பு மூஞ்சி அஞ்சும் உன் வீட்டுக்கு வரவேண்டியது. அந்தக் கிடாய் ரெண்டும் உன் வீட்டுக்கு வரவேண்டியது. கிடாய்க்கு அவன் தலையாட்டினப்ப எனக்கு நெஞ்சே நின்னுபோச்சு, பெரில். ரெண்டு கிடாயை வச்சிக்கிட்டு அவன் என்ன பண்ணுவான்? டக்குனு விரலைத் தூக்கிட்டேன்."

"நீ என்ன பண்ணுவ?"

"அதுதான் எனக்கும் தெரியல."

இப்போது பெரில் சிரித்துவிட்டாள். லெஸ்ஸும் சிரித்தார். ஒரு பெட்டை பெரிலின் கோட்டுப் பொத்தானை முகர்ந்துபார்த்தது.

"டென்னிஸும் பண்றான்," என்றார் லெஸ். "முறை வச்சிக்கிட்டோம். பெரிய ஆடு அவனுக்கு, சின்ன ஆடு எனக்கு. முன்னெல்லாம் சரியாத்தான் போச்சு. நான் விரலைத் தூக்குனா சுத்தியல் எம்பக்கம் விழும், முடிஞ்சது. இப்ப அவனுக்கு ரோஷம் வந்துருச்சு. நான் ஏறுனா அவன் நெசமாவே ஏறுறான். அந்த எட்டு கிழட்டுக்கும் எவ்வளவுதூரம் போனேன் தெரியுமா? விட்டா கல்லறைக்குப் போற ஆட்டைத் தங்க விலைக்கு வாங்குவான் போலருந்துச்சு. விட்டுட்டேன்."

"நீங்க எல்லாரும் சேர்ந்து அவரை விரட்டப் பாக்குறீங்கன்னு நினைக்கிறாரு."

லெஸ் கையுறையைக் கழற்றினார். பிறகு போட்டுக்கொண்டார்.

"எத்தனை நாளா தெரியும் உங்களுக்கு?"

"ஈஸ்டருக்கே தெரியும். உனக்கு?"

"அதுக்கு முன்னால."

"அப்ப நீதான் சொல்லிருக்கணும்," என்றார் லெஸ். கோபமாகச் சொல்லவில்லை. "நான் எப்படிச் சொல்றது, சொல்லு. 'கிளிஃப், உன் தலை ஆடுது'ன்னா? பொண்டாட்டி ஓடிப்போயிட்டான்னு சொல்லலாம். அதைச் சொல்லிருக்கேன் ஒருத்தன்கிட்ட. இதைச் சொல்ல முடியாது."

*

மழை அந்த வாரம் முழுக்க விடவில்லை. கிளிஃபோர்ட் கொட்டகையில் அந்த எட்டு பெட்டைகளையும் ஒவ்வொன்றாக மல்லாக்க உட்கார வைத்து, முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குளம்பு சீவினார். அழுகின பகுதியைக் கத்தரித்து, நீல மருந்தைப் பீய்ச்சினார். கை நடுங்கவில்லை. கத்திரி பிசகாமல் ஓடியது. தலை மட்டும் அவருக்குத் தெரியாமல் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருந்தது.

பெரில் தேநீரோடு போய் நின்றாள். சொல்லிவிடுவது என்றுதான் போனாள்.

"டாக்டரை ஒரு தடவை பாத்துட்டு வரலாமா?"

கத்திரி நின்றது. "எதுக்கு?"

"சும்மா. நம்ம வயசுக்கு எல்லாரும் பாக்குறாங்க."

"எனக்கு ஒண்ணுமில்ல." அவர் அவளைப் பார்க்கவில்லை. "நான் என்ன மறந்தேன்? எதையாவது மறந்தேனா?"

"நீ மறந்தேன்னு யாரு சொன்னா?"

"அப்ப விடு."

அவள் கோப்பையை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டு வந்தாள். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று அவளுக்குப் புரியவில்லை. வீட்டுக்குள் வந்து அடுப்பைத் தேய்த்தாள். மாடியில் யாரும் படுக்காத அறையின் போர்வைகளை உதறி மடித்தாள். லீட்ஸ் நகரில் இருக்கும் மகள் ஜேனிஸைப் போனில் கூப்பிட்டு, மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்தாள். உட்கார்ந்தால் கால் தானாக எழுந்தது. ஜன்னல் வழியே பார்த்தால் வயலில் குட்டிகள் மேய ஆரம்பித்திருந்தன. கிழட்டுப் பெட்டைகளில் ஒன்று மட்டும் இன்னும் சுவரோரம் நடந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிளிஃபோர்ட் சுவரில் தொங்கும் காலண்டரின் முன்னால் நெடுநேரம் நின்றார். திங்கட்கிழமை நாயை மூன்று தடவை பேர் சொல்லிக் கூப்பிட்டார். அது மூன்று தடவையும் வந்து, வேலை ஒன்றும் இல்லாததால் குழம்பிப் போய் நின்றது.

*

செவ்வாயன்று பெரில் பேக்கரிக்கு வரமுடியாது என்று சொல்லிவிட்டுப் பிக்கப்பில் ஏறி உட்கார்ந்தாள்.

"நீ எங்க?"

"ஏலத்துக்கு."

"கடை?"

"வேற ஆள் பாத்துக்குவாங்க."

அவர் வண்டியை எடுத்தார். முன்பே வாங்கிக் கொழுக்க வைத்த குட்டிகள் கொஞ்சம் பின்னால் டிரெய்லரில் விற்பனைக்கு ஏறியிருந்தன. சதுக்கம் தாண்டியதும் வரிசை நின்றுவிட்டது. முன்னால் டிரெய்லர், பின்னால் டிரெய்லர், இருபுறமும் கல்வீடு. கண்ணாடியில் மழை. கதவைத் திறந்து இறங்கிப்போக அவருக்கு வழியில்லை. அதற்காகத்தான் அவள் வந்திருந்தாள்.

"லெஸ் வயலுக்குப் போயிருந்தேன்."

"அந்தத் திருட்டுப் பயகிட்ட உனக்கென்ன வேலை?"

"அவன் வயல்ல நிக்கறதெல்லாம் உன் ஆடு, கிளிஃப்."

"என்ன?"

"நீ தலையாட்டுற. உனக்குத் தெரியாமலே. தாடை தானா ஆடுது. ஸ்டீவன் அதை விலைன்னு எடுத்துக்கறான். வேண்டாத ஆடு உன் தலையில விழக்கூடாதுன்னு லெஸ்ஸும் டென்னிஸும் ஏறிக் கேட்டு அவங்க வாங்கிக்கறாங்க. அவன் வயல்ல போய்ப் பாரு. ரெண்டு கிடாய் நிக்குது."

வைப்பர் இரண்டு முறை போய்வந்தது. முன்னாலிருந்த வண்டி ஒரு அடி நகர்ந்தது. கிளிஃபோர்ட் நகர்த்தவில்லை. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.

"ஆடுதா?" என்றார்.

"ஆடுது."

"இப்பவா?"

"இப்பவும்."

அவர் கையைத் தூக்கித் தாடையைப் பிடித்துக்கொண்டார். பிடித்த கையோடு சேர்ந்து அது ஆடியது. வண்டிக்குள் தொங்கிய கண்ணாடியைத் தன் பக்கம் திருப்பி முகத்தைப் பார்த்தார். பெரில் வெளியே பார்த்தாள்.

"அப்ப அந்தக் கிழட்டு ஆடுங்களை நான் கேக்கல."

"நீ கேக்கல."

"நெசமா கேக்கல."

"அதான் சொல்றேனே."

"தாடை மட்டும்தானா?" அவர் கண்ணாடியை விட்டார். "பெரில், நான் கேட்டுட்டு மறந்துட்டேன்னு நினைச்சேன். ஒவ்வொரு வாரமும் சுத்தியல் விழுந்து எம்பேரைச் சொல்றான். நான் கேட்ட ஞாபகமே இல்ல. எப்படிச் சொல்றது? எங்கப்பா கடைசியில நாயை எம்பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. என்னை நாய் பேரு சொல்லிக் கூப்பிட்டாரு. அதுதான் எனக்கும் ஆரம்பிச்சிருச்சுன்னு... நான் தினமும் பண்ணை பேரெல்லாம் சொல்லிப் பாக்குறேன்."

பெரில் அவர் பக்கம் திரும்பினாள். அடுப்பங்கரையில், சாப்பாட்டு மேசையில், கொட்டகையில் கேட்ட முணுமுணுப்பெல்லாம் இப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அவள் வாய் திறக்காமல் இருந்த நாளெல்லாம் அவர் இதோடு உட்கார்ந்திருக்கிறார்.

"எல்லாப் பேரும் வருதா?" என்றாள்.

"வருது. ஓக்கர்த் பண்ணைகிட்ட கொஞ்சம் தடங்கும்."

"அங்க எனக்கும் தடங்கும்."

பின்னாலிருந்தவன் மறுபடி ஹாரன் அடித்தான். கிளிஃபோர்ட் ஜன்னலை இறக்கி அவனை ஒரு வார்த்தை சொன்னார். ஏற்றிவிட்டு, "எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார்.

"எல்லாருக்கும்."

"தபாலாபீஸ்காரிக்கும்?"

"அவளுக்குத் தெரியாம என்ன இருக்கு."

"டாக்டரு என்ன சொல்வாரு?"

"எனக்குத் தெரியாது. அது போய்க் கேட்டாத்தான் தெரியும்."

"வியாழக்கிழமை போலாம். செவ்வாய் வேண்டாம்." அவர் கதவைத் திறந்தார். முன்னால் நகர்ந்த வண்டிக்கும் பிக்கப்புக்கும் நடுவே இப்போது ஆள் நுழைய இடமிருந்தது. "வண்டிய நீ கொண்டா."

"டிரெய்லரோடவா? நான் ஓட்டி எவ்வளவு காலமாச்சு."

"மறந்துருக்கமாட்ட," என்று சொல்லிவிட்டு மழையில் நடந்தார்.

*

பட்டியில் குட்டிகளை இறக்க அவள் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளினாள். முதல் தடவை அது வேறு பக்கம் மடிந்தது. இரண்டாம் தடவை சரியாகப் போயிற்று. குட்டிகளை அடைத்துவிட்டு உள்ளே போனபோது ஏலம் ஆரம்பித்திருந்தது. வளையத்தைச் சுற்றிப் படிகளில் ஆட்கள். ஈரக் கோட்டுகளிலிருந்து ஆவி. மேடையில் ஸ்டீவன் மூச்சு விடாமல் விலை சொல்லிக்கொண்டிருந்தான். கீழே கம்பியோரம் கிளிஃபோர்ட் தன் இடத்தில் நின்றார். இடப்பக்கம் லெஸ், அவருக்கு அடுத்து டென்னிஸ். கிளிஃபோர்ட் வந்து நின்று யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது லெஸ்ஸின் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

கதவு திறந்து பத்துப் பெட்டைகள் உள்ளே வந்தன. மேல் பள்ளத்தாக்கிலிருந்து வந்த பண்ணைக்காரி ஒருத்தி கையில் தடியோடு அவற்றைச் சுற்றிச் சுற்றி நடக்கவிட்டாள். ஆடுகள் மெலிந்திருந்தன. யாரும் கேட்கவில்லை. ஸ்டீவன் விலையை இறக்கினான், இன்னும் இறக்கினான். அவன் கண் கம்பியை ஒட்டி ஓடி, கிளிஃபோர்டிடம் வந்து, தயங்கியது. தாடை ஆடிக்கொண்டிருந்தது.

"தலைக்கு முப்பது பவுண்டு, கிளிஃபோர்ட் ஆல்டர்சன்," என்றான். குரலில் சந்தோஷமில்லை.

லெஸ்ஸின் விரல் மேலே வந்தது. கிளிஃபோர்ட் கையை நீட்டி அந்த விரலைப் பிடித்துக் கம்பியோடு அமுக்கினார்.

"அது நான் கேக்கல, ஸ்டீவன்."

படிகளில் பேச்சு நின்றது. டென்னிஸ் பூட்ஸைப் பார்த்தான். வளையத்துக்குள் ஆடுகள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தன. அந்த வார்த்தையை அந்தக் கம்பியில் நின்று அவர் சொல்வார் என்று யாரும் நினைத்ததில்லை. பெரில் படியோரத்துத் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"என் தாடை ஆடுது," என்றார் கிளிஃபோர்ட். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னார். "உங்களுக்கெல்லாம் தெரியுமாம். எனக்கு இன்னிக்குத்தான் தெரியும். இனிமே அது என்ன சொன்னாலும் எடுத்துக்காத. வேணும்னா வாயால கேப்பேன்."

ஸ்டீவன் சுத்தியலைக் கீழே வைத்தான். பிறகு எடுத்தான். "சரி, கிளிஃப். சுத்தியல் இன்னும் விழல. இந்தப் பத்தும் உங்களுக்கு வேணுமா?"

"இதுங்களா? இதுங்களை யாரு வாங்குவா?"

"ஏன், என் ஆட்டுக்கு என்ன?" என்றாள் வளையத்துக்குள் நின்ற பண்ணைக்காரி.

படிகளில் யாரோ இருமினார்கள், பிறகு சிரிப்பு கிளம்பியது. பண்ணைக்காரி தடியை ஊன்றிக்கொண்டு எல்லோரையும் முறைத்துவிட்டு, "விக்கல, போங்க," என்று ஆடுகளைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனாள்.

லெஸ் விரலை விடுவித்துக்கொண்டு நீவினார். "ஒடிச்சுட்ட."

"எங்கிட்ட சொல்லிருக்கலாம்ல."

"சொல்லிருக்கலாம்."

"கிடாய் எதுக்குடா ரெண்டு?"

"நீதான்டா தலையாட்டுன."

கதவு மறுபடி திறந்தது. இந்த முறை உள்ளே வந்தவை அக்டோபரில் எல்லோரும் காத்திருக்கும் வகைக் குட்டிகள்; நீண்ட முதுகு, சுத்தமான கால், கம்பளி அடர்ந்திருந்தது. கம்பியோரம் நின்றவர்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்கள். விலை வேகமாக ஏறியது. டென்னிஸ் கண்ணை இறுக்கினான், நிறுத்திக்கொண்டான்.

"அறுபத்தெட்டு," என்றார் கிளிஃபோர்ட்.

குரல் கரகரத்து, தேவைக்கு மேல் சத்தமாக வந்தது. மேல் படியில் இருந்தவர்கள் திரும்பினார்கள். வாயால் கேட்பது தோட்டத்தில் நாலு ஆடு வளர்க்க வாங்க வரும் வெளியூர்க்காரர்கள்தான். கிளிஃபோர்டின் காது சிவந்தது.

"அறுபத்தெட்டு, கிளிஃபோர்ட் ஆல்டர்சன்," என்றான் ஸ்டீவன், நெடுநாள் கழித்துத் தெளிவாக.

லெஸ்ஸின் விரல் எழுந்தது.

கிளிஃபோர்ட் அவர் பக்கம் திரும்பினார். "எனக்காகவா கேக்குற?"

"உனக்காக வாங்கி வாங்கி என் வயல்ல ஒரு புல்லு கிடையாது. இது எனக்கே வேணும்."

"புல்லு இல்லாம எங்க விடுவ?"

"அது எங்கவலை. நீ கேக்குறியா, போறியா?"

"அறுபத்தொன்பது லெஸ்கிட்ட," என்றான் ஸ்டீவன். "எழுபது உண்டா, கிளிஃப்?"

கிளிஃபோர்டின் தலை ஆமாம், ஆமாம் என்று ஆடியது. ஸ்டீவன் சுத்தியலைத் தூக்கியபடி காத்திருந்தான். கம்பி நெடுக நின்றவர்கள் அவர் வாயைப் பார்த்தார்கள். குட்டிகள் இன்னொரு சுற்று வந்தன. அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொன்றாக, கால், முதுகு, பல் தெரியும்போது பல் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். தலை விடாமல் ஒப்புக்கொண்டிருந்தது.

"வேண்டாம்," என்றார். "அவனே வச்சிக்கட்டும்."

சுத்தியல் விழுந்தது. "லெஸ் மெட்காஃப்," என்றான் ஸ்டீவன்.

லெஸ் கம்பிமேல் சாய்ந்து, வெளியேறும் குட்டிகளைக் கொஞ்சம் கவலையோடு பார்த்தார். "நல்ல குட்டிங்கதானே?"

"ரெண்டு நொண்டுது," என்றார் கிளிஃபோர்ட்.